வலியில்லாத உதிரப்போக்கு: வாளாவிருக்கலாமா?

ரப்பர்க் காடாயினும் தேயிலை மலையாயினும் தாயின் உயிர் ஒன்றுதான். கேமரன் மலைத் தோட்டத்துப் பெண்மக்களை எண்ணியே இதை எழுதுகிறோம்.

நஞ்சுக்கொடி கருப்பையின் மேற்புறம் ஒட்டி வளர்வதே இயல்பு. சுமார் 200 பிரசவங்களில் ஒன்றில் அது கீழே ஒட்டி, குழந்தை வரும் வாசலையே அடைத்துக்கொள்கிறது. மாதம் ஏறியபின் வலியின்றியே உதிரம் போகும். “வலிதான் இல்லையே, விடியட்டும்” என்று லயத்தில் படுத்திருப்பது பேராபத்து.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இது தெரியும். பலருக்குக் கொடி பின்னர் மேலேறிவிடும். ஆகவே 32-ஆம் வாரவாக்கில் மீண்டும் பார்க்கவேண்டும். வாசல் அடைபட்டே இருந்தால் அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு வளைந்திறங்கும் பாதையோ சுமார் 60 கிலோமீட்டர். உதிரம் போகத் தொடங்கியபின் வண்டி தேடுவது முறையா?

2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள், வரவேற்கிறோம். ஆனால் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாக அது தொடங்காது. உதிரமோ ஏழாம் மாதத்திலேயே போகலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்புண்டு. “வீட்டிலேயே ஓய்வெடு” என்று டாக்டர் சொன்னாலோ, சர்வீசுக்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் நோய் விடுப்புதான். அதன்பின் கூடையா, பட்டினியா?

நிர்வாகங்களைக் கேட்கிறோம்: டாக்டர் எச்சரித்த பெண்ணுக்குக் கூலி குறையாமல் இலேசான வேலை கொடுங்கள். இரவிலும் வண்டியும் டிரைவரும் தயாராயிருக்கட்டும்.

கணவன்மாரே, மாமியாரே! உதிரம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கிளினிக் அட்டையுடன் அந்த நிமிடமே புறப்படுங்கள்.