வாலியர் வீடு போல ஒன்று

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் கீழ்சேப்பிளியில், பலகைக் கற்களை நிறுத்தி மூடிய சின்னஞ்சிறு அறைகள் இருக்கின்றன. தொல்லியலாருக்கு அவை கற்திட்டைகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். ஊராருக்கோ குள்ள மனிதர்களான வாலியர் குடியிருந்த வீடுகள். சிறிய வீட்டைக் கண்டதும் அதில் ஆளைக் குடியேற்றிப் பார்க்கும் மனசு பெரியவர்களுக்கே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்! அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பொம்மை வீடு வாங்க வேண்டியதில்லை. இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் கட்டிய பழைய வீடே நல்ல மாதிரி: மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, செம்மண்ணைப் பசையில் குழைத்து மெல்லப் பூசி, மேலே வைக்கோல் வேயுங்கள். கூரை தனியே கழன்று வரட்டும். குழந்தையின் கை தாராளமாக உள்ளே போகவேண்டும், எனக்கு அதுதான் முதல் தகுதி. குடிவைக்க ஒரு மரப்பாச்சி போதும். வாய்க்குள் போகிற அளவுச் செப்புச் சாமான் மட்டும் மூன்று வயதுக்குள் வேண்டாம். கடையில்தான் வாங்குவீர்கள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. மண் சுவர் வெடித்தால் பதறாதீர்கள். இன்னும் கொஞ்சம் மண்ணைக் குழைத்துக் கொடுத்து, குழந்தையையே பூசச் சொல்லுங்கள்.