பிளேனோவில் ஜப்பான் சாப்பாடு

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் உங்கள் மகளோ மருமகளோ குடித்தனம் நடத்துகிறாளா? ஜப்பான் சாப்பாட்டுக்காக டல்லாஸ் வரைக்கும் ஓட வேண்டாம். 2017-ல் டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமை அலுவலகத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. அதே வருஷம் மிட்சுவா என்ற ஜப்பானிய மளிகைக் கடையும் வந்தாச்சு. உள்ளேயே சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தேடலை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

வாசல் அலங்காரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு வந்து உட்காருகிற இடமா என்று பாருங்கள். அப்புறம் சோறு. சூஷிக்கு மீனைவிடச் சோறுதான் உயிர். வினிகர் கலந்த அந்தச் சோறு வெதுவெதுப்பாக இருக்கணும். சில்லென்று விறைத்துக் கிடந்தால் அந்தப் பக்கம் மறுபடி போகாதீர்கள்!

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மிசோ சூப் பார்க்க நம் பருப்பு ரசம் மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் அதற்கு ஆதாரம் 'தாஷி' என்ற சாறு. பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலைப் போட்டு எடுப்பது. "மீன் இருக்கா?" என்று கேட்டால் துண்டு இல்லையே என்று "இல்லை" என்றுவிடுவார்கள். "தாஷி எதில் எடுத்தது?" என்று கேளுங்கள். 'கொம்பு' என்ற கடற்பாசியில் மட்டும் என்றால் தாராளமாகக் குடிக்கலாம். டெம்பூரா பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறுக்கும் இதே கேள்விதான்.

முழுகாமல் இருக்கிற பெண் பச்சை மீனைத் தொடவே கூடாது. உறைய வைத்தால் புழு சாகும், கிருமி எல்லாம் சாகாது. நன்றாக வெந்த சால்மன் சாப்பிடலாம். வாள்மீனை வேகவைத்தாலும் வேண்டாம், பாதரசம் அதிகம். குழந்தைக்கு? உப்புப் போட்டு வேகவைத்த 'எடமாமே' என்ற பச்சை சோயா. தோலை நீங்களே உரித்து, மசித்துக் கொடுங்கள்.