மே மாதத்து கார்டு

ஹைதராபாதில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய தார்நாகாவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறை. வெளியே பகலில் 40 டிகிரி. மே மாதத்தில் அங்கே இது சகஜம். நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரி பத்து மணிக்கும் அறையை 35 டிகிரிக்குக் கீழே சுலபத்தில் இறங்க விடாது. இப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாணவர் கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘முழு வேலையில் 75 டிகிரி, சத்தம் 33 டெசிபல், பிரமாதம்’ என்கிறது விமர்சனம். அவரும் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்.

அந்த 75 டிகிரி அளக்கப்பட்டது எங்கே என்பதுதான் விஷயம். ஐரோப்பாவில், 22 டிகிரி அறையில். அதாவது கார்டு தன் அறையைவிட 53 டிகிரி அதிகம் சூடாகிறது. இந்த 53தான் கார்டின் குணம். மீதி 22 அந்த ஊரின் குணம். தார்நாகாவின் 35ஐ 53உடன் கூட்டினால் 88. ஆனால் கார்டு 88ஐ எட்டாது. என்விடியாவின் பல கார்டுகள் 83 டிகிரி வாக்கிலேயே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். அதற்கு முன் விசிறிகள் வெறிகொண்டு சுற்றும். விமர்சனத்தில் சாதுவாக இருந்த அதே கார்டு இங்கே இரைகிறது. யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அவ்வளவுதான்.

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. விசிறிக்கு அது சின்ன நஷ்டம். சென்னைவாசிகளுக்கு இந்த நஷ்டம் இல்லை. அங்கே புழுக்கம் மனிதனைத்தான் வதைக்கும், கார்டுக்கு வியர்க்காது.

சத்தத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். ஆகவே கடைசி ஐந்தாறு டிகிரியைக் குறைக்கத்தான் காது அதிக விலை கொடுக்கிறது. ஒருவர் அரை மீட்டரிலும் இன்னொருவர் ஒரு மீட்டரிலும் மைக்கை வைத்து அளப்பதால், இரண்டு விமர்சனங்களின் டெசிபல் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. செல்போன் ஆப் காட்டும் டெசிபலைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்குமேல் 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு விதிகள். அவை தெருவுக்காக எழுதப்பட்டவை. அறையைப் பகிர்ந்துகொண்டு, காலையில் பரீட்சையும் உள்ள நண்பரின் வரம்பு அதைவிடக் குறைவு.

கம்பெனிகள் இதில் அடிபட்டுத் தேறியவைதான். 2003இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட இரைச்சல் அவ்வளவு பிரசித்தம். காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் எந்திரத்தை வைத்து கம்பெனியே தன்னைக் கேலி செய்து படம் எடுத்தது. 2013இல் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ், 95 டிகிரியில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ‘அமைதி வேண்டுமா, வேகம் வேண்டுமா’ என்று கேட்பதுபோல் கார்டிலேயே ஒரு சுவிட்ச் வேறு. சிலிக்கானுக்கு 80 டிகிரி ஒன்றும் மரண அவஸ்தை அல்ல என்பதற்கு இது அத்தாட்சி. நம்மவர்கள் 80ஐப் பார்த்ததும் பதறிப்போய் விசிறியை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

சென்னை ரிச்சி தெருவானாலும் செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரானாலும் கிடைக்கக்கூடிய யோசனை ஒன்றுதான்: ‘மூணு ஃபேன் மாடல் எடுத்துக்கோங்க தம்பி.’ பெரிய ஹீட்சிங்கும் மூன்று விசிறியும் சத்தத்தைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனால் விசிறி சூட்டை அழிப்பதில்லை. கார்டிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. 300 வாட் கார்டு என்றால், மூன்று பழைய 100 வாட் குண்டு பல்புகளை அறையில் எரியவிட்ட மாதிரி. கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் விளையாடினால் அறை சூடேறும். சூடேறிய அந்தக் காற்றையே கார்டு மறுபடி இழுக்கும்.

ஜன்னலில் ஏர் கூலர் வைத்தவர் பாடு தேவலை. ஹைதராபாதின் வறண்ட மே மாதத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். சென்னையில் பாச்சா பலிக்காது. கூலர் போடும் சத்தத்தில் கார்டின் சத்தம் கேட்கவே போவதில்லை என்பது வேறு விஷயம். அதன் ஈரக் காற்று நேராக கேபினெட்டில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் கார்டு குடிக்கும் மின்சாரத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். 450 வாட் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 4090ஐ 70 சதவீதத்தில் நிறுத்தினால் 315 வாட். விளையாட்டில் வேகம் சுமார் 5 சதவீதம்தான் குறையும். சூடு, சத்தம், மின் கட்டணம் மூன்றும் ஒரே அடியில் இறங்கும். எல்லா கார்டுகளுக்கும் இதே விகிதம் கிடைக்காது என்றாலும், கடைசிச் சொட்டு வேகத்துக்காகத்தான் கார்டுகள் அநியாயமாக வாட் விழுங்குகின்றன. மாதம் ஒரு முறை தூசி தட்டுவதும், கேபினெட்டின் பின்பக்கம் சுவரில் முட்டாமல் ஜன்னல் பக்கம் இருப்பதும் இதோடு சேர்த்தி.

கார்டு வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கி, மேஜைக்கு அடியில் கேபினெட் காற்று இழுக்கும் இடத்தில் வையுங்கள். விமர்சனம் தன் அறையின் வெப்பத்தைச் சொல்லியிருந்தால் அதைக் கழித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உங்கள் வெப்பமானி காட்டும் எண்ணைக் கூட்டுங்கள். சொல்லவில்லை என்றால் வேறு விமர்சனம் தேடுங்கள்.