ஒரே ஒரு பிரதியில் இருக்கும் எமது குரல்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கெசட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று நாடே கொண்டாடும் கிளாரன்ஸ் விஜேவர்தன பிறந்தது எமது ஹப்புத்தளையில், 1943 ஆகஸ்ட் 3இல். அறுபதுகளில் 'மூன்ஸ்டோன்ஸ்', பிறகு 'கோல்டன் சைம்ஸ்', 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' என்று அவருடைய குழுக்கள் பாடின. 1996 டிசம்பரில் அவர் காலமானார். ஆனாலும் பதுளை – பண்டாரவளை பஸ்ஸில் அவர் பாட்டு இன்றும் ஒலிக்கிறது. காரணம் திறமை மட்டுமல்ல. அந்தப் பாட்டுகளை இலங்கை வானொலி ஒலிபரப்பியது; ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' போன்ற நிறுவனங்கள் இசைத்தட்டாக வெளியிட்டன. ஒரு வீட்டுத் தட்டு உடைந்தாலும் அடுத்த வீட்டில் ஒன்று இருந்தது.

இதே மலையில் பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலும் பாட்டு இருந்தது. காமன் கூத்து, தப்பு, தாலாட்டு, ஒப்பாரி. இவற்றை எந்தக் கம்பனியும் தட்டாகப் போட வரவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதனால் சொற்கள் தப்பின. மெட்டைப் புத்தகத்தில் எப்படிக் கேட்பது?

பிறகு டேப் ரெக்கோடர் வந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கொண்டுவந்த செட்டில் எமது சனங்களே பதிவு செய்தார்கள். திருவிழாக் கூத்து, கல்யாண வீடு, பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி, பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் பாடிய பைத், மௌத்தான ஹஸ்ரத் ஒருவரின் பயான், சவூதியிலிருந்து உம்மா பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பிய கெசட். இவை எல்லாம் ஒரே ஒரு பிரதி. அது போனால் போனதுதான்.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். யூடியூபில் பெரும்பாலும் இருப்பது விற்ற பாட்டுகள். விற்காத பாட்டு எமது அலுமாரியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்றொரு ரொக் இசைக்குழு. தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984இல் அதற்கென்றே தனி இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ரசிகர்கள் காசு வாங்காமல் கெசட்டுக்குக் கெசட் பிரதி எடுத்து மாற்றிக்கொண்டார்கள். 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய கச்சேரியின் பதிவும் அப்படித்தான் பல வருடம் கைமாறிப் பரவியது. பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே சேர்த்தது. மறுபக்கம், 2008 ஜூனில் ஹொலிவுட் யூனிவர்சல் ஸ்டூடியோவில் தீப்பிடித்து மூல ஒலிநாடாக்கள் ஏராளமாக எரிந்துபோயின. பணமுள்ள கம்பனியின் களஞ்சியமும் எரியும். பல கைகளில் இருக்கும் பிரதி தப்பும்.

எமக்கு ஆபத்து தீயை விட மழையும் மண்ணும்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. போன உயிர்களுக்கு முன்னால் கெசட் ஒன்றும் பெரிதல்ல. ஆனால் மிஞ்சியவர்களுக்குத் தாயின் குரலாவது வேறோர் இடத்தில் இருந்திருந்தால் அது எவ்வளவு பெரிய விடயம்!

இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் எமக்குள் உண்டு. அதை உலமாக்களிடம் விடுவோம். ஹஸ்ரத்தின் பயானும் உம்மம்மாவின் தாலாட்டும் ஒரே வகை நாடாவில்தான் இருக்கின்றன. பூஞ்சணம் இரண்டையும் ஒன்றாகத்தான் தின்னும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

ஒன்று, கெசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது.

இரண்டு, வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா அறுந்துவிடலாம். தெரிந்தவரிடம் சுத்தம் செய்து எடுங்கள்.

மூன்று, நல்ல நாடா என்றால் செட்டின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினிக்குக் கொடுத்து, 'ஓடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். ஒரு மணித்தியாலக் கெசட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும், அவ்வளவுதான். எமது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அரைநாளில் பழகிவிடுவார்கள்.

நான்கு, யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத குரல் அநாதைக் குரல்.

ஐந்து, குறைந்தது மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். குடும்பத்தின் சொந்த விடயம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். பொதுவானதைப் பாடசாலை நூலகத்துக்கும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கொடுங்கள்.

அரசாங்கமோ பல்கலைக்கழகமோ வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால், வரும்போது பாடியவரும் இருக்க மாட்டார், நாடாவும் இருக்காது. தப்படித்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரமே அலுமாரியைத் திறந்து பாருங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். பதிவு செய்யத் தெரியாதவர்களும் எழுதுங்கள், உதவ நாங்கள் இருக்கிறோம்.

வஸ்ஸலாம்.