வானம் பொது, ஏணி யாருக்கு?

"பறக்கலாம் வா!" என்று அழைக்கிறது கல்லூரி. "பணம் கொண்டு வா!" என்று உறுமுகிறது விமானக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவிலே திகைத்து நிற்கிறான் பதினெட்டு வயது இளைஞன். அமெரிக்க நாட்டிலே, பட்டறைத் தொழிலாளி வீட்டிலே பிறந்தவன்.

அவன் எதிரே இருப்பது சமுதாயக் கல்லூரி, ஈராண்டுப் படிப்பு. 1901-ல் ஜோலியட் நகரிலே முளைவிட்டு, நாடு முழுதும் கிளை பரப்பிய கல்விச்சாலை அது. ஆண்டுக் கல்விக் கட்டணம், உள்ளூர் மாணவருக்குச் சராசரியாக 4,000 டாலர் அளவு. வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையோ, 2024-25 கல்வியாண்டிலே உச்ச அளவாக 7,395 டாலர். "பிறகென்ன தயக்கம்? சேர வேண்டியதுதானே!" என்பீர்கள். பொறுங்கள், தோழர்களே! அது வகுப்பறைக் கணக்கு. வான்கணக்கு வேறு!

விமானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. எரிபொருளுக்குத் தொகை. பயிற்சியாளருக்குக் கூலி. தேர்வு வைப்பவருக்குக் கட்டணம். ஊதியம் பெற்று ஓட்டுவதற்கான உரிமம் கிடைக்க 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற பள்ளியின் திட்டப்படி பயின்றால் 190 மணி. கூட்டிப் பார்த்தால் பல பத்தாயிரம் டாலர்! பெற்றோரைச் சார்ந்துள்ள மாணவருக்கு அரசு தரும் கடனோ, முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500. ஆக 12,000 டாலர். மிச்சத்துக்கு? தனியார் கடன். அதற்குப் பிணையாகத் தகப்பனார் கையொப்பம்!

பலன் இல்லையா? உண்டு. 2024-ல் விமான நிறுவனங்களின் விமானிகளிலே பாதிப்பேர் ஆண்டுக்கு 2,26,600 டாலருக்கு மேல் ஊதியம் பெற்றனர். கண்ணைப் பறிக்கும் தொகைதான். ஆனால் அது ஏறி முடித்தவர்களின் கணக்கு. ஏணியின் அடியிலே நிற்பவனுக்கு வழியிலே எத்தனை படி என்று சொல்ல வேண்டாமா?

2009-ல் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் விழுந்தது; 50 பேர் மாண்டனர். 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல், பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறத்தல் பொதுவிதியாயிற்று. உரிய அனுமதி பெற்ற கல்லூரியிலே ஈராண்டு விமானப் பட்டம் பெற்றவருக்கு 1,250 மணி போதும். நான்காண்டுப் பட்டத்துக்கு 1,000 மணி.

ஆக, ஈராண்டுப் பட்டம் மிச்சப்படுத்துவது 250 மணி. பயிற்சியாளராகச் சேர்ந்து மாதம் 70 மணி பறப்பவனுக்கு அது நாலு மாதத்துக்கும் குறைவு! முன்னே சேர்ந்தவனுக்கே முன்னுரிமை என்ற முறை நிலவும் தொழிலில், நாலு மாதம் அற்பமன்று. ஆனால் அதற்காக மட்டுமே கடன்படுவது அறிவுடைமையுமன்று. நான்காண்டுப் பட்டமோ, மேலும் 250 மணியைக் குறைக்க மேலும் ஈராண்டைக் கேட்கிறது. டெல்டா நிறுவனமே 2022-ல் நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்பதைக் கைவிட்டுவிட்டதே!

அப்படியானால் பட்டம் வீணா? அல்ல. அரசின் உதவித்தொகைக்கும், படைவீரராக இருந்தவர்க்குரிய கல்விச் சலுகைக்கும் அது வாயில். இன்னொன்றும் உண்டு. விமானியின் பிழைப்பு மருத்துவச் சான்றிலே தொங்குகிறது. கண்ணோ இதயமோ மக்கர் செய்தால் உரிமம் வெறுங்காகிதம்! அன்று வேறு படிப்புக்கு மாறிச்செல்லக் கல்லூரியில் பெற்ற மதிப்பெண் அலகுகள் கைகொடுக்கலாம். வெறும் பறக்கும் பள்ளி அதைத் தராது.

மற்றொரு கதவையும் தட்டிப் பார்க்கலாம். டேட்டன் நகரத்து ரைட் சகோதரர்கள் கல்லூரி வாயிலை மிதித்தவர்களல்லர், மிதிவண்டிக் கடைக்காரர்கள். 1903-ல் பறந்த அவர்களுடைய விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் யார்? அந்தக் கடையிலே வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்! அந்தத் தொழிலையும் சமுதாயக் கல்லூரிகள் பல கற்பிக்கின்றன. மணிக்கணக்கில் விமான வாடகை இல்லை. 2024-ல் விமான மெக்கானிக்குகளிலே பாதிப்பேர் 78,680 டாலருக்கு மேல் பெற்றனர். விமானியின் ஊதியமல்ல, ஆனால் கடன் மலையுமல்ல.

ஆகவே கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. 1,250 மணிச் சலுகை தர இந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா? பறக்கும் செலவு உட்பட மொத்தத் தொகை எவ்வளவு? பாதியிலே நின்றால் கடன் யார் தலையிலே? மூன்றுக்கும் எழுத்திலே விடை கிடைத்தால் சேரலாம். கிடைக்காவிட்டால், வண்ணப்பட விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவதே நலம்.

ஆனால் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை இளைஞன் அல்ல, நாடு கேட்க வேண்டும். பயணிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், நியாயம். நிறுவனங்களுக்கு விமானிகள் வேண்டும், அதுவும் நியாயம். பயன் பெறுவோர் இருவர். பயிற்சிச் செலவின் பெருஞ்சுமை மட்டும் பட்டறைத் தொழிலாளியின் தோளிலா? உருவாக்கும் செலவிலே பங்கேற்காமல், உருவானவனை மட்டும் வரவேற்பது எந்த ஊர் நீதி? கடன் வரம்பை உயர்த்துவது பரிகாரமாகாது. அது கயிற்றை நீளமாக்குவது. பயிற்சிக் காலத்திலேயே நிறுவனம் கூலி கொடுக்கட்டும்; அரசு பறக்கும் செலவை ஏற்கட்டும்.

வானத்துக்கு வேலி இல்லை என்பார்கள். உண்மை. வேலி தரையிலே இருக்கிறது. கட்டணச் சீட்டின் வடிவிலே இருக்கிறது!