காரம் தாங்காத வாய்



பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இல்லாத காலைப்பொழுது அபூர்வம். அந்தச் சம்பல் ஒருநாள் வாயில் நெருப்பாக எரிந்தால் யாரும் அதை நோயென்று எண்ணுவதில்லை. உடம்புச் சூடு என்கிறோம், வயிற்றுப்புண் என்கிறோம். அடுத்த வெற்றிலையை மடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுகிறோம்.

காரம் தாங்காமல் போவதும், வாய் வரவர இறுகி மூன்று விரல் நுழையுமளவு திறக்க முடியாமல் போவதும் பாக்கு செய்யும் வேலையாக இருக்கலாம். கன்னத்தின் உட்பக்கம் நார்நாராகத் தடித்துவிடுகிறது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை, மூன்று வாரம் கடந்தும் ஆறாத ஒரு புண் என்றால் உடனே பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தானாகவே புற்றுநோய் தரும் என்று 2004இல் வெளியிட்டது. பொதியில் அடைத்து விற்ற புகையிலைக் கலவைகளை நம் அரசு 2016இல் தடைசெய்தது. வீட்டிலுள்ள வெற்றிலைத் தட்டு அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பக்கத்தை எழுதுவது வெற்றிலையைத் திட்டுவதற்காக அல்ல. நோய் வந்துவிட்டவரின் வாயையும் மனதையும் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். இரண்டையும் நாம் தனித்தனியாகப் பார்க்கிறோம், பல சமயம் இரண்டையுமே பார்ப்பதில்லை. கட்டி கரைந்ததா, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்கிறோம். வாய் எப்படி இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

இது வாய்ப்புற்றுநோய்க்காரருக்கு மட்டுமான கதையும் அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு தாய்க்கும் ஒரு வாரத்துக்குள் வாயெல்லாம் புண்ணாகலாம். அந்த ஊசி மருந்துகள் வேகமாக வளரும் உயிரணுக்களைத் தாக்குபவை. புற்றுநோய் அணுவைப் போலவே வாயின் உள்தோலும் வேகமாகப் புதுப்பிக்கப்படுவது, ஆகவே அதுவும் அடிபடுகிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் கொடுத்தால் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புண் தொடங்கும், உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வற்றிப்போகும். உமிழ்நீர் இல்லாத வாயில் சோறு மண்போலிருக்கும், பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பற்கள் மளமளவென்று சொத்தையாகும்.

இங்கே நம் தோட்டத்து வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வாய் காய்ந்தால் நமக்குத் தெரிந்த மருந்து பிளேன்டீ. சீனியைக் கடித்துக்கொண்டு, மிடறு மிடறாக, நாள் முழுக்க. எச்சில் ஊறும் வாய் அந்தச் சீனியைக் கழுவிவிடும், காய்ந்த வாயால் அது முடியாது. தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தேநீர் வேண்டுமென்றால் சீனியில்லாமல், ஆறவைத்துக் கொடுங்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகுமுன்னும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மிருதுவான தூரிகையும் புளோரைட் பற்பசையும் போதும். கடையில் விற்கும் எரிகிற வாய்கழுவி வேண்டாம், அதிலுள்ள மதுசாரம் புண்ணைக் கிளறும். ரொட்டியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவிட்டுக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு என்று மாறட்டும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. இது பலருக்குச் சொல்லப்படாமலே போவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். தாடைக்குக் கதிர் ஏற்றுவதற்கு முன் பற்களைக் காட்டிவிட வேண்டும். கதிர்பட்ட தாடையெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதன்பின் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். பிடுங்கவேண்டிய பல்லைச் சிகிச்சை தொடங்க இரண்டு வாரமாவது இருக்கையில் பிடுங்கிவிட்டால் காயம் ஆற நேரம் கிடைக்கும். கதிர்ச்சிகிச்சை முடித்துப் பல வருடமானவர்கூடப் பல் வலித்தால் முதலில் தன் சிகிச்சை விபரத்தைப் பல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இனி மனதுக்கு வருகிறேன். வாய் வலிப்பவர் முதலில் காரத்தை விடுகிறார், பிறகு சோற்றை, பிறகு பேச்சை. கன்னத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவர், எச்சில் ஒழுகுமோ என்று அஞ்சுபவர், கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகாமல் லயத்து அறைக்குள் ஒதுங்குகிறார். ஒதுங்கிய மனம் சோர்கிறது. சோர்ந்தவருக்குப் பல் துலக்கவும் கொப்பளிக்கவும் கை எழாது, வாய் மேலும் கெடுகிறது. மனச்சோர்வுக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் வாயை உலரவைப்பவை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வாய் காய்கிறது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இவற்றோடு நாம் ஒரு பாரத்தையும் ஏற்றிவிடுகிறோம். “அப்பவே சொன்னேனே, வெத்தில போடாதேன்னு.” படுத்திருப்பவரிடம் இதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பனியிலும் மழையிலும் வெறும் வயிற்றோடு கொழுந்து பறித்தவர்களுக்குப் பசியை மறக்கக் கிடைத்த மலிவான துணை அது. பாட்டி மடித்துக் கொடுக்க, பிள்ளை வாங்கிப் போட்டு வளர்ந்தது. அந்தப் பழக்கத்தின் பழியை ஓர் உடம்பின் மேல் மட்டும் சுமத்துவது அநியாயம். நோய் வந்தபிறகும் விடுவதில் பலன் உண்டு, ஆனால் குத்திக்காட்டியா விடவைப்பது?

இன்னொரு பக்கம், நோயின் பெயரையே மறைக்கிறோம். அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். அப்பாவுக்கோ கிளினிக் வரிசையில் நின்றபோதே தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்காக அவரும் மறைப்பார். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரிடம் ஒருவர் பேசமுடியாத நிலை. இது நம்மவரின் குறை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1961இல் அமெரிக்காவில் சிக்காகோ வைத்தியசாலை ஒன்றின் வைத்தியர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979இல் அது அப்படியே தலைகீழானது. அந்த மாற்றம் நடந்த காலத்தில்தான், நியூயோர்க்கில் ஜிம்மி ஹொலண்ட் என்ற மனநல வைத்தியர் 1977 முதல் புற்றுநோயாளரின் மனதுக்கென்று ஒரு தனிப் பிரிவைக் கட்டி எழுப்பினார். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் அப்படியொரு துறை இயங்குகிறது. இப்போது பல நாடுகளில் காய்ச்சல் பார்ப்பதுபோல மனக்கஷ்டத்தையும் பார்க்கிறார்கள். பூச்சியத்திலிருந்து பத்துவரை இந்த வாரம் எவ்வளவு கஷ்டம் என்று நோயாளி காட்டவேண்டும், நான்கை எட்டினாலே மேலும் விசாரிப்பார்கள். ஒரு தாளும் பென்சிலும் போதுமான வேலை. நம் கிளினிக்குகளில் ஏன் செய்யக்கூடாது?

செய்வதென்றால் தமிழில் செய்யவேண்டும். கட்டியைப் படமெடுக்க மொழி வேண்டாம். இரவில் தூக்கம் வராததை, பிள்ளைக்குப் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பை, செத்தால் தேவலை என்று தோன்றியதை, பேசிப் பழகாத மொழியில் எவரால் சொல்லமுடியும்? பதுளை பெரியாஸ்பத்திரியில் அன்பாகப் பார்க்கும் தாதியர் பலர் இருக்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் தமிழ் தெரியாது. கூடப்போகும் பள்ளிக்கூடப் பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது. தாயின் துயரத்தை மகளின் வாயால் வைத்தியருக்குச் சொல்லவைப்பது அந்த இருவருக்கும் கொடுமை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. புற்றுநோய்ப் பிரிவிலும் பற்சிகிச்சைப் பிரிவிலும் தமிழ் பேசும் ஒருவரைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். கிளினிக் நாளில் வேலைக்கு வராதவருக்கு அன்றைய பேர் விழாது, பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் போகவர இரண்டு நாள், துணைக்குப் போகிறவருக்கும் அதே இழப்பு. கிளினிக் கொப்பியில் திகதி இருக்கையில் அந்த நாளுக்குப் பேர் போடுவதற்கு ஒரு வழி காணுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் இதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம்.

மனம் மிகவும் தளர்ந்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டு தாங்களும் தளர்ந்துபோனவர்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசவேண்டும் என்று கேளுங்கள்.

சிகிச்சையைக் கடந்து வந்த வாசகர்களே, உங்களிடமிருந்து கடிதம் எதிர்பார்க்கிறேன். வாய் புண்ணாகிக் கிடந்த நாட்களில் எது உள்ளே இறங்கியது, எதைச் சமைத்துத் தந்தார்கள், யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது, எது சுட்டது என்று எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்து அனுப்புங்கள். பெயரோ தோட்டத்தின் பெயரோ வெளியிடமாட்டோம். வரும் இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்