பந்தியா, படையா?

பரண் ஒழிக்கும் படலம். ஸ்டூல் மேல் நான், கீழே மனைவி.

"இந்தக் கறுப்புப் பெட்டி எதுக்கு இன்னும்? காயலான் கடைக்குப் போட்டுடலாமே?"

"ஐயோ, வேண்டாம். 499 டாலர்!" என்றேன்.

"199-னுதானே தம்பி சொன்னான்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாகக் காப்பாற்றிய ரகசியம்!

2006 ஏப்ரலில் ஹெச்.டி. டிவிடி ப்ளேயர் அமெரிக்கக் கடைகளுக்கு முதன்முதலாக வந்தது. நியூ ஜெர்ஸியில் இருக்கும் மச்சினன் உடனே வாங்கிவிட்டான். பந்திக்கு முந்துகிற ஜாதி. இது பந்தியில்லை, படை என்று பிறகுதான் தெரிந்தது.

எதிரிப் படை ப்ளூ-ரே. ஜூனில் வந்தது, விலை 1000 டாலர். இரண்டிலும் ஒரே நீல லேசர்தான். பழைய டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், இது 405. பேனா முனை மெலிந்தால் பொடி எழுத்தாக நெருக்கி எழுதலாமே, அந்தக் கணக்கு. தட்டின் அளவுகூட ஒன்றேதான். ஆனால் இதன் தட்டு அதில் ஓடாது.

சினிமாக் கம்பெனிகள் தேர்தல் நேரம் மாதிரி கூட்டணி அமைத்தன. யுனிவர்சல் இந்தப் பக்கம். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் அந்தப் பக்கம். வார்னர் இரண்டு மேடையிலும் ஏறிக் கும்பிட்டது. ஸ்பைடர்மேன் சோனி கட்சி. மச்சினன் பையன் அதைச் சாதாரண டிவிடியில்தான் பார்த்தான், இதே 499 டாலர் பெட்டியில்!

2007 நவம்பரில் நான் அங்கே போயிருந்தேன். அடுத்த மாடல் 100 டாலருக்கும் கீழே என்று கடை விளம்பரம்.

"பாருங்கண்ணா, 199 குடுத்து வாங்கினார். நூறு டாலர் தண்டம்!" என்றாள் மச்சினன் மனைவி. அன்றைக்கு சாம்பாரில் உப்பில்லை.

ராத்திரி அவன் என் காதில், "நூறு இல்லே அத்தான், நானூறு. அக்காகிட்டேகூட மூச்சு விட்டுடாதீங்க" என்றான். பாவமாக இருந்தது. இவனைப் போல நாலு பேர் முதலில் தண்டம் அழாவிட்டால், கடைசியில் வாங்குகிற எனக்கு எப்படி விலை இறங்கும்?

2008 ஜனவரி 4-ல் வார்னர், இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 19-ல் தோஷிபா ஹெச்.டி. டிவிடிக்கு மூடுவிழா நடத்தியது. ப்ளேஸ்டேஷன்-3 என்ற விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்து சோனி விற்றிருந்தது. வீடியோ கேம் வாங்கியவர்கள் எல்லாரும், தாங்கள் அறியாமலே, எதிரிப் படையில் சிப்பாய்கள்!

அடுத்த தடவை சென்னை வந்தபோது பெட்டியை எனக்கே பரிசளித்துவிட்டான். நம்ம ஊர் கரண்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சோம்பலில் பரணேற்றினேன்.

"499-ஆ?" என்றாள் மனைவி மறுபடியும்.

"அது வந்து..."

"நியூ ஜெர்ஸில இப்போ மணி என்ன?"